மருந்து ஒன்றுதான், மயக்கம் ஒன்றல்ல

அறுவைச் சிகிச்சைக்காக நாடு விட்டு நாடு செல்வோரிடையேயும், அவர்களை அழைத்துச் செல்லும் முகவர்களிடையேயும், மருத்துவர்களிலேயே ஒரு சாராரிடையேயும் மயக்க மருந்து பற்றிய ஒரு கருத்து விசாரணையின்றி நிலைபெற்றிருக்கிறது. அறுப்பவர் யார், செலவு எவ்வளவு, மருத்துவமனைக்குப் பன்னாட்டுத் தரச்சான்று உண்டா என்ற மூன்றையும் கேட்டறிந்தால் போதும், மயக்க மருந்து எந்த ஊரிலும் ஒன்றே, அதற்கென்று தனியே கேட்க வேண்டியது எதுவுமில்லை என்பதே அக்கருத்து. மூட்டு மாற்றுக்கு எந்த மருத்துவர் கைராசிக்காரர் என்று மாதக்கணக்கில் விசாரித்து அறியும் ஒருவர், தம்மை மயக்கத்தில் ஆழ்த்தி மீண்டும் எழுப்பப்போகிறவரின் பெயரை அறுவை அரங்கின் வாசலில்தான் அறிகிறார். சில வேளைகளில் அங்கும் அறிவதில்லை. மருந்து எங்கும் ஒன்றே என்பது உண்மை. அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழை.

இன்று முழு மயக்கத்தைத் தொடங்கப் பெரிதும் பயன்படும் பால்வெள்ளை நிற ஊசிமருந்தான புரோபோஃபால் சென்னையிலும் இஸ்தான்புல்லிலும் பாங்காக்கிலும் ஒரே வேதிப்பொருளே. மயக்க வாயுவைக் கலந்து தரும் எந்திரங்களும் பெரும்பாலும் ஒருசில நிறுவனங்களின் தயாரிப்புகளே. மயக்கத்தால் நேரும் மரணம் மிக அரிதாகிவிட்டது என்பதும் உண்மைதான். அமெரிக்காவின் பத்துப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் ஏறத்தாழ 6 லட்சம் நோயாளிகளை ஆராய்ந்து பீச்சர், டாட் இருவரும் 1954-ல் வெளியிட்ட ஆய்வில், 1,560 பேருக்கு ஒருவர் மயக்கத்தின் காரணமாக இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. வசதி மிகுந்த நாடுகளில் இன்று அந்த எண்ணிக்கை லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவிலோ அதற்கும் கீழோ உள்ளது. இந்த வீழ்ச்சியே இன்றைய அலட்சியத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் வீழ்ச்சிக்கு எது காரணம் என்று கேட்பவர் குறைவு. புதிய மருந்துகளுக்கு அதில் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு கண்காணிப்புக்கு உரியது. விரல் நுனியில் ஒளி பாய்ச்சி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கான தத்துவத்தை ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி 1970-களின் முற்பகுதியில் உருவாக்கினார்; ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனைகள் 1986-ல் வெளியிட்ட கண்காணிப்பு விதிகள், மயக்கவியல் மருத்துவர் சிகிச்சை முடியும்வரை அறையை விட்டு அகலக்கூடாது என்பதை எழுத்தில் வைத்தன. விதியாக எழுதவேண்டிய அளவுக்கு அது அதுவரை உறுதிப்படாமல் இருந்தது என்பதை வாசகர் கவனிக்கலாம்.

மருந்து ஒன்றாக இருந்தும் விளைவு வேறாகும் என்பதற்கு உலகறிந்த சான்று மைக்கேல் ஜாக்சனின் மரணம். 2009-ல் அவர் உடலில் செலுத்தப்பட்ட புரோபோஃபால், அதே நாளில் ஆயிரக்கணக்கான அறுவை அரங்குகளில் தீங்கின்றிப் பயன்பட்ட அதே மருந்து. அவருக்கு அது ஒரு வீட்டின் படுக்கையறையில், தூக்கத்துக்காக, மயக்கவியல் பயிற்சி பெறாத ஓர் இதய மருத்துவரால், உரிய கண்காணிப்புக் கருவிகள் இன்றித் தரப்பட்டது. அம்மருத்துவர் 2011-ல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். புரோபோஃபால் நினைவை அகற்றுவதோடு நிற்பதில்லை. மூச்சை அடக்கும், இரத்த அழுத்தத்தை இறக்கும். ஆகவே அதைச் செலுத்துவது ஒரு கணத்தின் செயல், அதன்பின் மூச்சையும் நாடியையும் தம் பொறுப்பில் ஏற்றுக் காப்பது மணிக்கணக்கான செயல். தமிழில் வழங்கும் சொல்லும் இவ்விடத்தில் சற்றுத் தடம் மாற்றிவிடுகிறது. 'மயக்க மருந்து கொடுக்கிறவர்' என்று சொல்லும்போது கொடுத்தலோடு அவர் வேலை முடிந்துவிடுவதாகத் தோன்றுகிறது. கொடுத்தபின் தலைமாட்டில் நின்று காக்கிறவர் என்ற பொருள் அச்சொல்லில் இல்லை.

காப்பதற்கு முதல் தேவை, காக்கப்படும் உடலைப் பற்றிய அறிவு. நாட்டின் எல்லையைக் கடக்கும்போது மாறுவதும் குறைவதும் இதுதான். ஒருவர் தம் ஊரில் அறுவைக்குச் செல்லும்போது அவருடைய பழைய கோப்பு, குடும்ப மருத்துவர், உடன் பிறந்தவர்கள், எந்த மாத்திரையை எந்தப் பெயரில் விழுங்குகிறார் என்று அறிந்த மருந்துக்கடைக்காரர் எல்லாரும் கூப்பிடு தொலைவில் இருக்கிறார்கள். விமானத்தில் இறங்குகிறவரிடம் இருப்பது ஒரு பையும், எக்ஸ்ரே படங்களும், அறுக்கவேண்டிய உறுப்பைப் பற்றி மட்டும் எழுதப்பட்ட ஒரு கடிதமும். முழங்காலைப் பற்றி அக்கடிதம் பக்கம் பக்கமாகப் பேசும். பத்தாண்டுகளுக்கு முன் குடல்வால் அகற்றப்பட்டபோது அவருக்கு நினைவு திரும்பத் தாமதமாயிற்று என்பதை அது சொல்வதில்லை.

மயக்கவியலின் வரலாற்றிலேயே இதன் பெறுமதியைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 1960-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கால் எலும்பு முறிந்து வந்த 21 வயது மாணவர் ஒருவர், முறிந்த காலைவிட மயக்க மருந்துக்கே அதிகம் அஞ்சினார். தம் உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்ததை அவர் மருத்துவர்களிடம் சொன்னார். அவருக்கும் மயக்கத்தில் உடல் சூடேறி நிலைமை மோசமாயிற்று. எச்சரிக்கையாக இருந்த மருத்துவர்கள் மயக்கத்தை நிறுத்திக் குளிர்வித்துக் காப்பாற்றினர். அவரைப் பற்றி மருத்துவர்கள் டென்பரோவும் லவெலும் எழுதிய குறிப்பிலிருந்தே, சில மயக்க வாயுக்களாலும் ஒரு தசைத்தளர்த்தி மருந்தாலும் தூண்டப்பட்டு உடலின் வெப்பம் கட்டுக்கடங்காமல் உயரும் மரபுவழிக் கோளாறு மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. அதற்கான மாற்று மருந்தான டாண்ட்ரோலீன், இருக்கவேண்டிய எல்லா மருத்துவமனைகளிலும் இன்றும் இருப்பில் இருப்பதில்லை. அந்த மாணவரைக் காத்தது, குடும்பக்கதை அவர் வாயால், கேட்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட்டதே. மொழிபெயர்ப்பாளரின் துணையோடு, 'ஒவ்வாமை உண்டா, இல்லையா' என்ற கட்டத்தில் குறியிட்டுத் தரும் படிவத்தில் அக்கதைக்கு இடமேது?

தென்னிந்தியருக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றைச் சொல்லலாம். மருத்துவமனை வழக்கில் ஸ்கோலின் என்று அழைக்கப்படும் சக்சமெத்தோனியம், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளை நொடிகளில் தளர்த்தும் மருந்து. இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுவதால் சில நிமிடங்களில் அதன் வேகம் தணிந்துவிடும். ஆரிய வைசிய சமூகத்தினரிடையே அந்த நொதிக் குறைபாடு பிறரைவிட மிகுதியாகக் காணப்படுகிறது. குறைபாடு உள்ளவர்களுக்குத் தசைகள் மணிக்கணக்கில் தளர்ந்தே கிடக்கும், தாமே மூச்சுவிட இயலாது. செயற்கைச் சுவாசத்தில் வைத்துப் பொறுமையுடன் காத்திருந்தால் ஆபத்து நீங்கிவிடும். தென்னிந்திய மயக்கவியல் மருத்துவருக்கு இது பாடத்திலும் பழக்கத்திலும் தெரிந்த செய்தி; நோயாளியின் சமூகத்தை அவர் விசாரிப்பதற்கு இப்படியொரு காரணமும் உண்டு. அதே நோயாளி தாய்லாந்திலோ துருக்கியிலோ படுத்திருக்கும்போது அவ்வாறு கேட்பதற்கு அங்குள்ளவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை. அவருடைய திறமையில் குறையில்லை. வந்திருப்பவர் தாமே சொன்னாலன்றி அவருக்கு அது தெரியவராது, அவ்வளவே.

மருந்துப் பட்டியல் பற்றியும் இதையே சொல்லவேண்டும். உடல் எடையைக் குறைக்கவும் நீரிழிவுக்கும் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளூடைடு போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே, திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்று வெறும் வயிற்று விதி உள்ளது; இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவரின் வயிற்றில் அந்த விதியைக் கடைப்பிடித்த பின்னும் உணவு தங்கியிருக்கலாம். அமெரிக்க மயக்கவியல் சங்கம் இது குறித்து 2023-ல் எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. எடைக் குறைப்பு அறுவைக்காகவும் அழகுக்கான அறுவைக்காகவும் வெளிநாடு செல்வோரில் இந்த ஊசியைப் போடுவோர் இருப்பது இயல்பு. அதை 'மருந்து' என்றே கருதாமல் சொல்லாது விடுவோரும் உண்டு.

மேற்சொன்ன கருத்தின் இரண்டாம் முகம், சிறிய அறுவைக்குச் சிறிய மயக்கம், ஆகவே சிறிய ஆபத்து என்ற நம்பிக்கை. விளம்பரங்கள் இதைப் பெரிதும் பற்றிக்கொள்கின்றன; முழு மயக்கம் தேவையில்லை, அரைமயக்கம் போதும், மரத்துப்போகும் ஊசி போதும், மாலையே விடுதிக்குத் திரும்பலாம் என்று அவை கூறுகின்றன. குளோரோஃபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம், 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் வடபகுதியில் கால்விரல் நகத்தை அகற்றுவதற்காக மயக்கப்பட்ட 15 வயது ஹன்னா கிரீனருடையது என்பதை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். நகத்தைவிடச் சிறிய அறுவை எது?

மயக்கம் இலேசானால் ஆபத்தும் இலேசாகும் என்ற எண்ணம் ஒருமுறை அறிவியலின் அரங்கிலேயே அடிபட்டிருக்கிறது. நிஜாமின் ஆதரவில் ஹைதராபாத்தில் 1888-லும் 1889-லும் மருத்துவர் எட்வர்டு லாரியின் முயற்சியால் கூடிய குளோரோஃபார்ம் ஆணையங்கள், குளோரோஃபார்ம் மூச்சை நிறுத்தியே கொல்கிறது, இதயத்தை நேரடியாகத் தாக்குவதில்லை, ஆதலால் மூச்சைக் கவனித்தால் போதும் என்று முடிவுகட்டின. நூற்றுக்கணக்கான விலங்குச் சோதனைகளின் வலுவோடு வந்த முடிவு அது. 1911-ல் மருத்துவர் குட்மன் லெவி, மயக்கம் ஆழமாக இருக்கும்போதைவிட இலேசாக இருக்கும்போதே குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்தவல்லது என்று காட்டினார். குளோரோஃபார்ம் இன்று வழக்கொழிந்தது. ஆனால் ஆழத்தை மட்டும் வைத்து ஆபத்தை அளக்கும் பழக்கம் ஒழியவில்லை. அரைமயக்கம் என்பது ஒரு படிக்கட்டின் நடுப்படி; ஒரே அளவு மருந்தில் ஒருவர் அங்கேயே நிற்பார், இன்னொருவர் முழு மயக்கத்துக்குள் வழுக்கிவிடுவார். வழுக்கும்போது மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்து காட்டும் கேப்னோகிராஃப் கருவி ஓடிக்கொண்டிருக்கிறதா, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தத் தெரிந்தவர் அறையில் இருக்கிறாரா என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு. பெரிய அரங்கில் இவ்விரண்டும் இருக்கும். அரைமயக்கமே பெரும்பாலும் தரப்படும் சிறு சிகிச்சையகங்களில் இவை இல்லாமற்போக வாய்ப்பு அதிகம்.

முதுகில் போடும் ஊசியையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். 2023-ன் தொடக்க மாதங்களில் மெக்ஸிகோவின் மட்டமோரோஸ் நகரில், டெக்சாஸ் எல்லைக்கு அப்பாலிருந்து கொழுப்பு நீக்கம் முதலான அழகுச் சிகிச்சைகளுக்காக வந்த அமெரிக்கர்களுக்கு, முதுகெலும்பின் உள்ளே தண்டுவட உறையைச் சுற்றிய வெளியில் மருந்து செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் எபிடியூரல் முறை கையாளப்பட்டது. அவர்களில் பலருக்கு ஃபியூசேரியம் என்னும் பூஞ்சையால் மூளையுறை அழற்சி கண்டது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கத்தி பட்ட இடம் ஆறிவிட்டது. கொன்றது மயக்க ஊசியின் வழியே நுழைந்த தொற்று. அவர்களில் பலருக்குத் தலைவலி தொடங்கியபோது அவர்கள் ஏற்கெனவே எல்லையைக் கடந்து தம் ஊருக்குத் திரும்பியிருந்தனர். தமக்கு முதுகில் ஊசி போடப்பட்டது என்பதை உள்ளூர் மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதே பலருக்குத் தெரிந்திராது.

தரச்சான்று இதற்கெல்லாம் விடையாகும் என்பது மூன்றாம் நம்பிக்கை. 1994-ல் தொடங்கிய ஜே.சி.ஐ. எனும் பன்னாட்டு அமைப்பின் சான்றும், இந்தியாவின் என்.ஏ.பி.எச். சான்றும் பயனற்றவை என்று கூறுவது அநியாயம். மயக்கத்துக்கு முன் மதிப்பீடு, மயக்கத்தின்போது பதிவு, எழுந்தபின் கண்காணிப்பு ஆகியவற்றை அவை தம் விதிகளில் வலியுறுத்துகின்றன. ஆனால் சான்று கட்டடத்துக்கும் நடைமுறைக்கும் உரியது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட அரங்கில், குறிப்பிட்ட நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர் யார் என்பதை அது சொல்லாது. இந்தியாவிலேயே பல மருத்துவமனைகளில் மயக்கவியல் மருத்துவர் அழைப்பின்பேரில் வந்து செல்பவர். காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம். அவர்களில் மிகத் தேர்ந்தவர்கள் உண்டு. ஆயினும் நோயாளியை முதன்முறை பார்ப்பது அரங்கின் வாசலிலேயே என்றால், தேர்ச்சி பயன்படுவதற்கு நேரம் இல்லை. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்பதைக் கொண்டு குழாய் செலுத்துவது எளிதா அரிதா என்று கணிக்கும் மல்லம்பட்டி வகைப்பாடு, ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்டது. ஒரு நிமிடமும் ஆகாத சோதனை அது. அதன் பயன் முதல் நாளே செய்யும்போதுதான் முழுமையாகக் கிட்டும். கடினம் என்று தெரிந்தால் வேண்டிய கருவியையும் துணையாளையும் அப்போதுதான் ஏற்பாடு செய்யமுடியும்.

முன்பே விலை பேசி முடித்த தொகுப்புச் சிகிச்சைகள் இந்த நேரத்தைத்தான் முதலில் விழுங்குகின்றன. இரவில் இறங்கி, காலையில் இரத்தப் பரிசோதனை, நண்பகலில் அறுவை, ஐந்தாம் நாள் திரும்பும் விமானம் என்று அட்டவணை எழுதப்படுகிறது. வந்தது வந்தோம், இதையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்ற கணக்கும் கூடவே வருகிறது. 2009 முதல் 2022 வரை டொமினிகன் குடியரசில் அழகு அறுவைக்குப் பின் அமெரிக்கக் குடிமக்கள் 93 பேர் இறந்ததாக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டது. விவரம் கிடைத்த மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கொழுப்புத் துணுக்கோ இரத்தக்கட்டியோ இரத்தக்குழாயை அடைத்ததே காரணம், உடற்பருமனும் ஒரே அமர்வில் பல அறுவைகளைச் செய்துகொண்டதும் அவற்றில் காணப்பட்டன. இவற்றை மயக்க மருந்தின் தலையில் சுமத்துவது தவறாகும். ஆனால் ஒரே அமர்வில் மூன்று அறுவை என்றால் மேசையில் அசைவற்றுக் கிடக்கும் நேரம் பன்மடங்கு. அந்த நேரத்துக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் கடமையும் உடையவர் மயக்கவியல் மருத்துவர். விலை பேசி முடித்து, டிக்கெட்டும் எடுத்துவிட்ட பின் அறிமுகமாகிறவரால் அந்தச் சொல்லை எவ்வளவு எளிதாகச் சொல்லமுடியும்?

திரும்பும் பயணத்திலும் இதே கணக்கு தொடர்கிறது. விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர், அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. ஏறத்தாழ 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாக அழுத்தம் குறையும் விமான அறையில் வாயு விரிந்து, கண்ணின் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையைப் பறிக்கலாம். அந்த வாயு கரையும்வரை அவருக்கு நைட்ரஸ் ஆக்சைடு எனும் சிரிப்பூட்டும் வாயுவால் மயக்கம் தருவதும் அதேபோல் ஆபத்து. மணிக்கட்டில் எச்சரிக்கைப் பட்டை கட்டி அனுப்புவது அதனால்தான். வாயு கரையும்முன் தரைவழியே ஊர் திரும்பிய அவர் வழுக்கி விழுந்து வேறோர் அறுவைக்குச் சென்றால், அந்தப் பட்டையைக் கழற்றியிருக்கக்கூடாது.

இவ்வளவையும் கேட்டவர் எதிர்முனைக்குத் தாவுவதும் உண்டு: வெளிநாட்டு அறுவையே ஆபத்து, அதிலும் ஏழை நாட்டுக்குப் போவது தற்கொலை என்பார். இதுவும் அதே சோம்பலின் மறுபக்கம். ஒரு லட்சம் மக்களுக்கு ஐந்து மயக்கவியல் மருத்துவர்களாவது வேண்டும் என்று உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு கூறும் அளவை இந்தியா எட்டவில்லை. ஆனால் நாட்டின் சராசரி அறுவை அரங்கில் நிற்பதில்லை. கல்லீரல் மாற்று, இதய மாற்று அறுவைகள் வழக்கமாக நடக்கும் சென்னை மருத்துவமனைகளின் மயக்கவியல் குழுக்களுக்கு உள்ள பழக்கம், பல பணக்கார நாடுகளின் சிறு நகர மருத்துவமனைகளுக்கு இருக்க வாய்ப்பில்லை. வங்கதேசத்திலிருந்தும் கிழக்கிந்தியாவிலிருந்தும் தலைமுறைகளாக நோயாளிகள் வரும் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சுற்றிய தெருக்களின் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்தில் பேசுகின்றன. வாரக்கணக்கில் தங்கிப் பல பிரிவுகளிலும் காட்டியபின் அறுவைக்குச் செல்லும் அந்தப் பழைய வழக்கம், ஐந்து நாள் தொகுப்பைவிட மயக்கத்துக்கு உகந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வருகிறவருக்கு எல்லை கடந்தும் மொழி கடக்கவேண்டியதில்லை. மயக்கம் தெளியும் முதியவர் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறும் நேரத்தில் தம் மொழியில் ஒரு குரல் கேட்பது எவ்வளவு பெரிய துணை என்பதை மயக்கம் தெளியும் அறைச் செவிலியர் அறிவர்.

நோயாளியால் மயக்கவியல் மருத்துவரின் திறமையை எடைபோட முடியாதே, பிறகு கேட்டு என்ன பயன் என்ற ஆட்சேபம் வலுவுள்ளதாகத் தோன்றும். எடைபோட வேண்டியதில்லை. மயக்கம் தருபவர் தகுதி பெற்ற மருத்துவரா, முழுநேரமும் அறையில் இருப்பாரா, டிக்கெட் எடுக்கும் முன் அவரோடு அரைமணி நேரம் காணொளியிலாவது பேசமுடியுமா என்று முகவரிடம் கேட்டால், விடையைவிட விடை வரும் விதமே பலவற்றைச் சொல்லிவிடும். கேள்வியே புரியாமல் அறுவை மருத்துவரின் விருதுகளை மீண்டும் அடுக்கும் இடத்தில், அந்தக் கேள்வியை அதற்குமுன் எவரும் கேட்டதில்லை என்று பொருள். அவ்வாறு பேசக் கிடைத்த மருத்துவரிடம், வீட்டில் யாருக்காவது மயக்கத்தில் ஏதேனும் நேர்ந்ததா என்பது முதல் நாட்டுமருந்து வரை சொல்லவேண்டியது நோயாளியின் பங்கு.

இறுதியாக, ஒரு தாள். வெளிநாட்டில் அறுவை முடித்து வருகிறவர் அறுவைச் சுருக்கத்தையும், உடலில் பொருத்திய கருவியின் அட்டையையும், ரசீதுகளையும் பத்திரமாகக் கொண்டுவருகிறார். எந்த மருந்து எவ்வளவு தரப்பட்டது, இரத்த அழுத்தம் எங்கே சரிந்தது, குழாய் செலுத்த எத்தனை முறை முயன்றனர், அதற்கு எந்தக் கருவி பயன்பட்டது என்று நிமிடக் கணக்கில் எழுதப்பட்ட மயக்கப் பதிவேடு, தனியே கேட்டு நகல் பெற்றாலன்றி, அந்த மருத்துவமனையின் கோப்பறையிலேயே தங்கிவிடுகிறது. நான்காம் முயற்சியில்தான் குழாய் உள்ளே போயிற்று என்பது அதில் இருக்கும். அடுத்தமுறை டாக்காவிலோ யாழ்ப்பாணத்திலோ நள்ளிரவில் அவரை அவசர அறுவைக்கு எடுக்கும் மருத்துவர், முதல் முயற்சியிலேயே போய்விடும் என்று எண்ணிக் குழாயைக் கையில் எடுப்பார்.